தீர்க்கதரிசியும் சரித்திர ஆசிரியையும்

1844-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில், மிஸிஸிபி நதிக்கரையில் எழும்பிய நாவூ என்னும் புதுப்பட்டணத்தில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் திறந்த வெளியில் கூடியிருந்தார்கள். காலஞ்சென்ற ஒரு நண்பரின் ஞாபகார்த்தமாக 38 வயதுள்ள ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரசங்கம் செய்தார். முடிக்கும் தறுவாயில், தம்முடைய இருதயத்தை அங்கிருந்த ஒருவரும் அறிந்ததில்லை என்றும், தம் சரித்திரம் எவருக்கும் தெரியாது என்றும், அதைச் சொல்லத் தாமே முற்படப் போவதில்லை என்றும் கூறினார். எண்பத்தொரு நாட்கள் சென்றன. ஜூன் 27-ந் தேதி மாலை, கார்த்தேஜ் என்ற ஊர்ச் சிறைச்சாலைக்குள் முகத்தில் கரி பூசிய ஒரு கும்பல் புகுந்து அவரையும் அவர் தமையனாரையும் சுட்டுக் கொன்றது.

அவர்தாம் ஜோஸப் ஸ்மித். மார்மன் மதத்தின் ஸ்தாபகர்.

நம் நேயர்களில் பலருக்கு இந்த மதத்தைப் பற்றி, அதில் ஒரு காலத்தில் ஆடவர் பல மனைவியரை மணந்தனர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திராது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1805-ல் வெர்மான்ட் மாகாணத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் ஜோஸப் பிறந்தார். குடும்பம் நியூயார்க் மாகாணத்தின் மேற்குப் பகுதிக்குக் குடியேறியது. தமக்கு ஒரு தேவதூதன் தோன்றி, வீட்டுக்குச் சமீபத்தில் உள்ள ஒரு குன்றில் பொன் ஏடுகள் புதைந்திருப்பதைக் காட்டினான் என்றும், 1827-ல் அவற்றை எடுத்துத் தெய்வ சகாயத்தால் மொழிபெயர்த்ததாகவும் அவர் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பு ‘மார்மன் புஸ்தகம்’ என்ற பெயரால் 1830 மார்ச்சில் பால்மைரா என்ற சிற்றூர் அச்சுக்கூடத்தில் 5,000 பிரதிகள் அச்சாயிற்று. அடுத்த மாதம் 6-ந் தேதி சபை ஸ்தாபிதமாயிற்று. நியூயார்க்கிலிருந்து ஒஹாயோ, அங்கிருந்து மிஸ்ஸோரி, அங்கிருந்து இல்லினாய் என்று விரட்டப்பட்டு, தலைவர் மாண்டபின் அவர்களில் பெரும்பாலோர் 1847 முதல் பாலைவனத்தைத் தாண்டி ஸால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். 2023-ஆம் வருஷக் கணக்கின்படி, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் அங்கத்தினர் 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்கு ஜோஸப் ஸ்மித் தீர்க்கதரிசி. அவருடைய அயலாரில் பலருக்கோ அவர் ஊரை ஏமாற்றிய எத்தர்.

இத்தகைய மனிதரின் ஜீவிய சரித்திரத்தை எப்படி எழுதுவது? ஒரு கவிஞரின் பிறந்த தேதியில் தவறு நேர்ந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக் கொள்ளலாம். ஒரு மத ஸ்தாபகரின் விஷயத்தில் ஒரு தேதி ஆடினால் லட்சக்கணக்கான வீடுகளில் மாலைப் பிரார்த்தனை ஆடும். சாட்சிகளில் பாதிப்பேர் அவருக்காக உயிரையும் கொடுக்கச் சித்தமாயிருந்தவர்கள். மறுபாதி அவரைத் தூக்கில் பார்க்க ஆசைப்பட்டவர்கள். இருவருக்கும் நடுவே நின்றவர் அநேகமாக ஒருவரும் இல்லை.

இந்த வேலையைத் துணிந்து மேற்கொண்டவர் 30 வயதுகூட நிரம்பாத ஒரு பெண்மணி. அதிலும் மார்மன் குடும்பத்துப் பெண்.

ஃபான் மக்கே 1915-ல் யூட்டா மாகாணத்தில் ஆக்டன் நகரில் பிறந்து, ஹன்ட்ஸ்வில் என்ற மலைக் கிராமத்தில் வளர்ந்தவர். தாயைப் பெற்ற பாட்டனார் சபையின் பிரிகம் யங் சர்வகலாசாலையின் தலைவராயிருந்தவர். தந்தையார் சபையின் உயர் அதிகாரிகளில் ஒருவர். பெரிய தகப்பனார் டேவிட் மக்கேயோ பன்னிரண்டு அபோஸ்தலர்களில் ஒருவர்; பிற்பாடு 1951 முதல் 1970-ல் காலமாகும் வரையில் சபைத் தலைவராகவே விளங்கியவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், மடாதிபதியின் வீட்டுப் பெண் என்று வைத்துக் கொள்ளலாம்.

18 வயதில் பட்டம் பெற்று மேற்படிப்புக்காகச் சிக்காகோ சென்ற இடத்தில் அவருடைய பழைய நம்பிக்கை நழுவியது. அது கோடைகாலத்தில் கனத்த மேலங்கியைக் கழற்றிப் போட்டது போல் இருந்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. 1936-ல் பெர்னார்டு பிராடி என்னும் யூதக் குடும்பத்து இளைஞரை மணந்தார். புத்தகசாலைகளில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, மார்மன் புஸ்தகம் எங்கிருந்து வந்தது என்று தமக்குத் தாமே தெளிவு பெறுவதற்காகப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் படிப்பே ஒரு ஜீவிய சரித்திரமாக வளர்ந்தது. 1943-ல் நாப் என்ற பிரசுராலயத்தார் சரித்திர நூலுக்கென அளிக்கும் உதவித் தொகை கிடைத்தது. அப்பொழுது அவர் ஒரு சிறு குழந்தையின் தாய்.

அவர் முன் கிடந்த காகிதக் குவியலை நேயர்கள் சற்றுக் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

முதலில் விரோதிகளின் சாட்சியம். சபையிலிருந்து விலக்கப்பட்ட ஹர்ல்பட் என்ற ஒருவர், ஜோஸப்பின் பழைய ஊருக்குப் போய் அயலாரிடமெல்லாம் சத்தியக் கடுதாசி வாங்கினார். ஸ்மித் குடும்பத்தார் சோம்பேறிகள், புதையல் பைத்தியங்கள், பொய்யர்கள் என்று அவை ஒரே குரலில் பேசின. 1834-ல் அச்சான அந்தத் தொகுப்பு பின்வந்த எதிரிகளுக்கெல்லாம் வேதமாயிற்று. அதோடு ஒரு கதையும் கிளம்பியது: ஸாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதி அச்சேறாத ஒரு நாவலைத் திருடித்தான் ஜோஸப் தம் வேதத்தைச் செய்தார் என்பது. மார்மன் மதத்தைத் தகர்க்க விரும்பும் ஒருவருக்கு இதைவிடச் சுலபமான ஆயுதம் கிடையாது. பிராடி அம்மையார் அதை எடுக்கவில்லை. சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று சந்தேகத்துக்கிடமாக ஒத்திருப்பதையும், 1884-ல் ஹொனலூலுவில் அகப்பட்ட ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதிக்கும் மார்மன் புஸ்தகத்துக்கும் அப்படிப்பட்ட உறவு ஒன்றும் இல்லை என்பதையும் தனி அனுபந்தத்தில் காட்டி, அந்தக் கதையைத் தள்ளிவிட்டார். புஸ்தகம் ஜோஸப்பின் சொந்தக் கற்பனையே என்பது அம்மையாரின் முடிவு. இதனால் அவர் சபைக்கும் நல்லவராகவில்லை. சபையின் பழைய எதிரிகளுக்கும் நல்லவராகவில்லை.

அடுத்தது பக்தர்களின் சாட்சியம். இது இன்னும் வழுக்கலான நிலம். ஜோஸப் தாமே சொல்வதுபோல் ‘நான்’, ‘நான்’ என்று செல்லும் பெரிய சரித்திர நூல் ஒன்று உண்டு. 1838-ல் அவர் அதை ஆரம்பித்தது மெய். ஆனால் அவர் இறக்கும்போது கதை அந்த 1838-ஆம் வருஷத்தைத் தாண்டவில்லை. மிகுதியைக் குமாஸ்தாக்கள் 1856 வரை உட்கார்ந்து எழுதி முடித்தார்கள்; மற்றவர்களின் நாட்குறிப்புகளை எடுத்து, ‘அவர்’ என்றிருந்த இடத்தில் ‘நான்’ என்று மாற்றிச் சேர்த்தார்கள். அக்காலத்தில் இதைக் குற்றமாக ஒருவரும் கருதவில்லை. எனினும், இறந்தவரின் வாயில் பிறர் வைத்த சொல் எது, அவருடைய சொந்தச் சொல் எது என்று பிரிக்க வேண்டிய சரித்திர ஆசிரியரின் கதி என்ன? ஜோஸப்பின் தாயார் லூசி அம்மாள் தம் மகனைப் பற்றிச் சொல்லி எழுதுவித்த நூல் 1853-ல் லிவர்பூலில் வெளிவந்தது. வயோதிகத் தாயின் அந்தப் புத்தகத்திலும் பிழைகள் மலிந்திருப்பதாகச் சொல்லி, 1865-ல் பிரிகம் யங் அதன் பிரதிகளைத் திரும்பப் பெற்று அழிக்குமாறு உத்தரவிட்டார்.

மூன்றாவதாக, பக்தர்களுக்குள்ளேயே பிளவு. ஜோஸப்பின் மனைவி எம்மா யூட்டாவுக்குப் போகவில்லை. 1860-ல் அவருடைய மூத்த குமாரரின் தலைமையில் வேறொரு சபை கிளம்பியது. தம் தந்தை ஒருதார விரதர், பலதார மணம் பிரிகம் யங்கின் சரக்கு என்று அந்தச் சபை சாதித்தது. எம்மாவும் 1879-ல் சாகும் தறுவாயில்கூட, தம் கணவருக்கு வேறு மனைவி இருந்ததில்லை என்றே சொன்னார். இதைப் பொய்யாக்கும் பொருட்டு யூட்டா சபையார், ஜோஸப்பை மணந்திருந்த ஸ்திரீகளைத் தேடிப் பிடித்து 1869 முதல் பிரமாண வாக்குமூலம் வாங்கினார்கள். 1887-ல் 27 பெயர்களை அச்சிலும் வெளியிட்டார்கள். பங்காளிச் சண்டையில் சேகரித்த அத்தாட்சி ஐம்பது வருஷத்துக்குப் பின் மூன்றாமவர் கையில் கிடைத்தது! அம்மையார் அவற்றோடு மேலும் தேடி 48 பெயர்கள் கொண்ட ஜாபிதா ஒன்றைத் தயாரித்தார்.

நியூயார்க் பொதுப் புத்தகசாலையில் பல நூல்கள் கிடைத்தன. பிரிந்துபோன சபையின் நூல்நிலையத்திலும் வேலை செய்தார். டேல் மார்கன் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் அவருடைய கையெழுத்துப் பிரதியை ஈவிரக்கமின்றிப் பரிசீலித்து உதவினார். மார்கன் 14-ஆவது வயதில் நோயால் செவிப்புலனை இழந்தவர். ஆகையால் வாதங்களெல்லாம் காகிதத்திலேயே நடந்தன. ஆனால் மூலாதாரமான கையெழுத்துத் தஸ்தாவேஜுகள் இருந்தது ஸால்ட் லேக் நகரில், சபையின் ஆவணச்சாலையில்.

அம்மையார் அங்கேயும் சென்றார். அவர் என்ன எழுதுகிறார் என்பது பெரிய தகப்பனாரின் காதுக்கு எட்டியது. இருவருக்கும் இடையே மனம் நொந்துபோகும்படியான சம்பாஷணை நிகழ்ந்தது. அதன் பின்னர் அவர் அந்த ஆவணச்சாலையின் படியேறவில்லை.

டேவிட் மக்கேயைக் கொடியவராகச் சித்திரிக்க நமக்கு விருப்பமில்லை. தாம் உயிரினும் மேலாகக் கருதும் ஒருவரைத் தம் தம்பியின் மகளே உலகத்தார் முன் வஞ்சகராக நிறுத்தப் போகிறாள் என்று தெரிந்தால் எந்தப் பெரியப்பாதான் மனம் பதறாமலிருப்பார்? பெற்றோரும் அதே சபையில். சிற்றூரில் உற்றார் அனைவரும் அதே சபையில். அம்மையாரின் நிலையும் அவ்வளவு சுலபமானதல்ல.

1945-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி நூல் வெளிவந்தது. ஜோஸப் கடைசி நாட்களில் சொன்ன வாக்கியமே பெயர்: ‘என் சரித்திரத்தை எவரும் அறியார்.’ அடுத்த வருஷம் ஹ்யூ நிப்லி என்ற மார்மன் பண்டிதர் பரிகாசம் ததும்பும் மறுப்புப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். 1946 ஜூன் மாதத்தில் சபை அம்மையாரைப் பிரஷ்டம் செய்தது. விசாரணைக்கு வரும்படி அனுப்பிய அழைப்பை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி, நூல் சொன்னதில் எது நிலைத்தது, எது விழுந்தது என்று பார்ப்போம். நம் வரையில் இக்கதையின் ருசியான பகுதி இதுவே.

வாலிபத்தில் ஜோஸப் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, அதில் முகத்தைப் புதைத்து, புதையல் இருக்குமிடம் சொல்வார் என்பது எதிரிகள் கூற்று. நம் கிராமங்களில் மை போட்டுப் பார்ப்பது போன்றது இது. இதற்காக 1826-ல் பெயின்பிரிட்ஜ் என்ற ஊரில் அவர்மீது பிராது கொடுக்கப்பட்டு விசாரணை நடந்தது என்று 1873-ல் லண்டன் பத்திரிகை ஒன்று வழக்குக் குறிப்பை வெளியிட்டிருந்தது. மூலக் காகிதம் ஒருவரிடமும் இல்லை. அம்மையார் அந்தக் குறிப்பை மெய்யென்று கொண்டு தம் நூலில் அச்சிட்டார். கட்டுக்கதை என்றார்கள் சபையின் பண்டிதர்கள். கால் நூற்றாண்டுக் காலம் அப்படியே சொல்லி வந்தார்கள். 1971-ல் ஒரு பிரஸ்பிடேரியன் பாதிரியார் அந்த ஜில்லாவின் பழைய சர்க்கார் காகிதங்களைக் குடைந்தபோது, மாஜிஸ்திரேட்டு சர்க்காருக்குச் செலவுத் தொகை கேட்டு அனுப்பிய பட்டி அகப்பட்டது. 1826 மார்ச் 20, ஜோஸப் ஸ்மித், கண்ணாடி பார்ப்பவர், கட்டணம் 2 டாலர் 68 சென்ட். குமாஸ்தாக் கணக்கைப் போல் உணர்ச்சியற்ற சாட்சி வேறில்லை!

இது அம்மையாருக்கு ஜயம். அடுத்தது அப்படியல்ல.

சிறுவயதில், ஊர்ப் புறத்துத் தோப்பில் பிரார்த்தனை செய்தபோது ஜோஸப்புக்குக் கடவுள் காட்சியளித்தார் என்பது மார்மன் நம்பிக்கையின் அஸ்திவாரம். அவர் அதைச் சொல்லியுள்ள பிரசித்தமான விருத்தாந்தம் 1838-ல் ஆரம்பித்த அந்தச் சரித்திரத்திலே உள்ளது. அதற்கு முந்திய விருத்தாந்தம் ஒன்றையும் அம்மையார் கண்டாரில்லை. ஆகவே, சபை வளர்ந்தபின் அதற்கு ஒரு கம்பீரமான பூர்வகதை வேண்டியிருந்தபோது, மங்கலான ஏதோ ஒரு கனவை விரித்தோ, புதிதாகக் கற்பித்தோ சொல்லப்பட்டதே அந்தத் தரிசனம் என்று எழுதினார். கையிலிருந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் நியாயமான ஊகமே.

ஆனால் முந்திய விருத்தாந்தம் ஒன்று இருந்தது. ஒரு பகுதி ஜோஸப்பின் சொந்தக் கையெழுத்தாகவே, 1832-ல் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தது, சபையின் வசத்திலேயே இருந்தது. 1965-ல்தான் அது ஒரு மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை மூலம் வெளியே வந்தது. அதில் தரிசனம் உண்டு. ஆனால் பிதாவும் குமாரனும் என்று இருவர் தோன்றியதாகப் பிற்கால விருத்தாந்தம் சொல்ல, இதிலோ ஆண்டவர் ஒருவர் தோன்றிப் பாவங்களை மன்னித்ததாக மட்டுமே காண்கிறது. பக்தருக்கும் சங்கடம், விமர்சகருக்கும் சங்கடம்! 1971-ல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் அம்மையார் இதைப் பற்றி ஓர் அனுபந்தம் சேர்க்க வேண்டியதாயிற்று. நமது அபிப்பிராயத்தில் இந்தப் பிழையில் பாதி, கதவைச் சாத்தியவர்களைச் சேர்ந்தது. அம்மையாரை 1943-ல் அந்த ஏடுகளின் முன் உட்கார வைத்திருந்தால், சபையை அவ்வளவு புண்படுத்திய அந்த அத்தியாயம் வேறு விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

மற்றப் பாதிப் பிழைகளுக்கு அவரே பொறுப்பாளி. ஆதாரம் முடிந்த இடத்தில் நிற்க அவருக்குப் பொறுமை போதாது. ஜோஸப் இன்ன நேரத்தில் இன்னபடி நினைத்தார் என்று நாவலாசிரியரைப் போல் உள்ளே புகுந்து எழுதுவார். வாசிக்கச் சுவையாயிருக்கிறது, அந்த நினைவுகளை யாரிடம் கேட்டு எழுதினார் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. பிற ஆடவரின் மனைவியர் சிலரையும் ஜோஸப் மணந்திருந்தார் என்பதால், அவர்களுடைய குழந்தைகளில் சிலர் அவருக்குப் பிறந்தவராயிருக்கலாம் என்று அம்மையார் கருதினார். ஆலிவர் ப்யூவெல் என்பவரின் புகைப்படத்தையே நூலில் அச்சிட்டு, முகஜாடையைப் பாருங்கள் என்று காட்டினார். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த மரபணுச் சோதனை, அந்த ஆலிவர் ஜோஸப்பின் மகன் அல்லர் என்று காட்டிவிட்டது. வேடிக்கை என்னவெனில், இதே அம்மையார் 1974-ல் ஜெபர்ஸன் ஜனாதிபதியின் சரித்திரம் எழுதியபோது, தம் அடிமைப் பெண்ணிடம் அவருக்குக் குழந்தைகள் பிறந்தன என்று சொல்லிப் பண்டிதர்களின் ஏளனத்துக்கு ஆளானார். 1998-ல் நடந்த மரபணுச் சோதனை அங்கே அவர் பக்கமே பேசிற்று.

சபையும் மாறாமலில்லை. 1972-ல் முதல் தடவையாக, பயிற்சி பெற்ற சரித்திர ஆசிரியரான லெனார்டு ஆரிங்டன் என்பவரைச் சபைச் சரித்திர அதிகாரியாக நியமித்தார்கள். ஆவணச்சாலையின் கதவு திறந்தது. பத்து வருஷத்துக்குள் பெரியோர் சிலருக்குப் பயம் பிடித்துக்கொள்ள, அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். மார்க் ஹாஃப்மன் என்ற ஒரு கள்ளக் கையெழுத்துக்காரன் ஜோஸப் காலத்துக் கடிதங்கள் என்று பலவற்றைத் தானே தயாரித்து விற்றான். பெட்டிக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தபடியால் சபையாரும் வாங்கினார்கள், மற்றவர்களும் வாங்கினார்கள். குட்டு வெளிப்படும் போலிருக்கவே 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றான். இப்பொழுது ஆயுள் தண்டனை அநுபவித்து வருகிறான்.

2005-ல், விசுவாசியான மார்மன் சரித்திர ஆசிரியர் ரிச்சர்டு புஷ்மன் எழுதிய பெரிய நூல் வந்தது. புதையல் தேடிய விஷயத்தை அவர் மறைக்கவில்லை. 2014-ல் சபையே வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஜோஸப்புக்கு மனைவியர் 30 முதல் 40 வரை இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2015-ல், அவர் தொப்பிக்குள் போட்டுப் பார்த்த கல்லின் புகைப்படத்தையும் வெளியிட்டார்கள். முட்டை வடிவான, பழுப்பு நிறக் கல். 2008-ல் தொடங்கி 2023-ல் முடிவடைந்த பெருமுயற்சியில், ஜோஸப்பின் காகிதங்கள் 27 வால்யூம்களாகப் பிரசுரமாகிவிட்டன.

அம்மையார் இவற்றைப் பார்க்க உயிரோடில்லை. 1981 ஜனவரி 10-ந் தேதி கலிபோர்னியாவில் புற்றுநோயால் காலமானார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வந்த சகோதரர் தாமஸிடம், தமக்காக ஆசீர்வாதப் பிரார்த்தனை ஒன்று செய்யும்படி கேட்டுக்கொண்டார். அது அவர்கள் தந்தையின் வீட்டு வழக்கம். சில தினங்களுக்குள் ஒரு குறிப்பு எழுதி வெளியிட்டார்: தாம் சபைக்குத் திரும்ப விரும்பியதாக எவரேனும் பின்னால் சொன்னால் அது உண்மையல்ல என்று. பிறருடைய மரணப் படுக்கைக் கதைகளை அலசிப் பார்த்தே காலங்கழித்தவர் அல்லவா? தம் கதையை வேறு கைகள் எழுதிவிடாதபடி முந்திக்கொண்டார்.

1832-ஆம் வருஷத்து அந்த விருத்தாந்தத்தை இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே படம் படமாகப் பார்க்கலாம். மூன்று ஏடுகள், புத்தகத்திலிருந்து எப்பொழுதோ கத்தரித்து எடுத்து, பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டவை. ஏடுகளின் வெட்டுண்ட ஓரமும், புத்தகத்தில் எஞ்சி நின்ற துண்டின் ஓரமும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றன.